ஃபிரிட்ஜில் வைப்பதற்கும் ஒரு முறை உண்டு

ஃபிரிட்ஜுக்குள் வைத்துவிட்டால் உணவு பத்திரமாகிவிட்டது என்றே பலரும் நினைக்கிறோம். குளிர் செய்கிற வேலை ஒன்றே ஒன்றுதான்: உணவு கெடுவதைத் தாமதப்படுத்துகிறது. சோற்றிலோ குழம்பிலோ மீனிலோ ஏற்கெனவே பெருகிவிட்ட கிருமிகளை அது கொல்வதில்லை. அவை உண்டாக்கிய நஞ்சை நீக்குவதும் இல்லை. ஃப்ரீஸரும் அப்படித்தான். அங்கே கிருமிகள் பெருகுவது நின்றுபோகும். ஆனால் பல கிருமிகள் உயிரோடுதான் இருக்கும். உணவு இளகியதும் மறுபடி பெருகத் தொடங்கும். ஆகவே எந்த நிலையில் ஓர் உணவு உள்ளே போகிறதோ, அதைவிட நல்ல நிலையில் அது வெளியே வராது. இந்த அத்தியாயத்தின் விதிகள் எல்லாம் இந்த ஓர் உண்மையை ஒட்டியவைதான்.

முதலில் குளிரை அளந்து பாருங்கள்

உணவில் கிருமிகள் வேகமாகப் பெருகுவது 5 டிகிரி செல்சியஸுக்கும் 60 டிகிரிக்கும் இடையில். உலக சுகாதார நிறுவனம் சொல்லும் எல்லையும் இதுவே: சூடான உணவு 60 டிகிரிக்கு மேல் இருக்கட்டும், குளிர்ந்த உணவு 5 டிகிரிக்குக் கீழே இருக்கட்டும். ஃப்ரீஸருக்கு மைனஸ் 18 டிகிரி.

ஃபிரிட்ஜின் குமிழில் உள்ள எண்கள் டிகிரி அல்ல. பெரும்பாலான மாடல்களில் எண் கூடக்கூடக் குளிர் கூடும், அவ்வளவுதான். உள்ளே உண்மையில் எவ்வளவு குளிர் என்று தெரிய ஒரு சிறு தெர்மாமீட்டர் வேண்டும். நடுத்தட்டில் ஒரு டம்ளர் தண்ணீர் வைத்து, அதில் தெர்மாமீட்டரைப் போட்டு, இரவு முழுக்க விடுங்கள். காலையில் கதவைத் திறந்த கையோடு பாருங்கள். 5 அல்லது அதற்குக் கீழே இருந்தால் சரி. மேலே இருந்தால் குமிழை ஒரு படி கூட்டிவிட்டு மறுநாள் மீண்டும் பாருங்கள். மார்கழியில் சரியாக இருந்த அளவு சித்திரையில் போதாமல் போகும் என்பதால், கோடை தொடங்கும்போது ஒருமுறை கட்டாயம் அளக்க வேண்டும்.

குமிழைக் கூட்டியும் குளிர் போதவில்லையா? கதவு ரப்பரைச் சோதியுங்கள். ஒரு தாளைக் கதவிடுக்கில் வைத்து மூடி, இழுத்துப் பாருங்கள். தடையில்லாமல் வந்துவிட்டால் ரப்பர் தளர்ந்துவிட்டது, மாற்ற வேண்டும். ஃபிரிட்ஜ் அடுப்புக்குப் பக்கத்திலோ வெயில் விழும் சன்னலோரத்திலோ இருந்தாலும், சுவரோடு ஒட்டி வைத்திருந்தாலும் குளிர் குறையும்.

ஒற்றைக் கதவு ஃபிரிட்ஜ் வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். ஃப்ரீஸர் பகுதியில் நட்சத்திரக் குறி இருந்தால் அதன் பொருள் இது: ஒரு நட்சத்திரம் மைனஸ் 6 டிகிரி, இரண்டு மைனஸ் 12, மூன்று மைனஸ் 18. கதவில் ஒட்டியிருக்கும் மின்சிக்கன நட்சத்திரம் வேறு, இது வேறு. மைனஸ் 18 எட்டாத ஃப்ரீஸரில் மாதக்கணக்கில் எதையும் வைக்கக் கூடாது; ஓரிரு வாரத்துக்குள் எடுத்துவிட வேண்டும். அரை சென்டிமீட்டருக்கு மேல் பனி படிந்துவிட்டால் டிஃப்ராஸ்ட் பொத்தானை அழுத்திக் கரைய விடுங்கள். கத்தியால் சுரண்டினால் உள்ளிருக்கும் குழாய் ஓட்டையாகி கேஸ் வெளியேறிவிடும்.

உள்ளே போகும் முன்பு ஓடும் கடிகாரம்

சமைத்த உணவு வெளியே இருக்கலாம் என்பதற்கு எல்லை 2 மணி நேரம். அறையின் வெப்பம் 32 டிகிரியைத் தாண்டினால் 1 மணி நேரம். தமிழ்நாட்டுச் சமையலறைகள் வருடத்தின் பெரும்பகுதி இந்த இரண்டாவது கணக்கில்தான் வரும். கத்திரி வெயிலில் சொல்லவே வேண்டாம்.

வேலைக்குப் போகும் குடும்பங்களில் வழக்கமாக நடப்பதைப் பாருங்கள். காலை ஏழு மணிக்கு சோறு வடித்து, சாம்பார் வைத்து, டிபன் பாக்ஸில் கட்டியது போக மீதி அடுப்பு மேடையிலேயே இருக்கிறது. மாலை ஆறு மணிக்கு வீட்டுக்கு வந்ததும் முகர்ந்து பார்த்து, நன்றாக இருப்பதாகத் தோன்றினால் ஃபிரிட்ஜில் ஏறுகிறது. நடுவில் பதினொரு மணி நேரம் போய்விட்டது. சோற்றில் பாசில்லஸ் சீரியஸ் என்ற கிருமியின் வித்துகள் இருக்கலாம். கொதிக்கிற உலையையும் தாங்கும் அந்த வித்துகள், சோறு ஆறிக் கிடக்கும் நேரத்தில் முளைத்துப் பெருகி நஞ்சை உண்டாக்கும். வாந்தியை வரவைக்கும் அந்த நஞ்சு மறுபடி சுட வைத்தாலும் போகாது. நோய் தரும் கிருமிகள் எல்லாம் நாற்றத்தையோ பிசுபிசுப்பையோ காட்டிக்கொண்டு வருவதில்லை. ஊசிப்போனது மூக்குக்குத் தெரியும். ஊசாமலே கெட்டது தெரியாது. மதியத்திலிருந்து கிடந்த சோற்றில் இரவு தண்ணீர் ஊற்றி வைப்பதாலும் இந்த ஆபத்து தீராது.

எனவே மீதியை மாலையில் எடுத்து வைக்கும் பழக்கத்தை விட்டு, காலையிலேயே பிரித்து வையுங்கள். டிபன் பாக்ஸ் கட்டும்போதே இரவுக்கான பங்கைத் தனி டப்பாக்களில் போட்டு, ஆவி அடங்கியதும் உள்ளே வைத்துவிட்டுக் கிளம்புங்கள். கல்யாண வீட்டிலிருந்து வரும் பிரியாணிக்கும் இதே கணக்குதான்: எத்தனை மணிக்குத் தம் உடைத்தார்கள் என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, அதன்பின் முடிவு செய்யுங்கள்.

சூடாக வைத்தால் ஃபிரிட்ஜ் பழுதாகிவிடும் என்று பயந்து மணிக்கணக்கில் ஆறவிடுகிறவர்கள் உண்டு. கொதிக்கக் கொதிக்க ஒரு பெரிய குண்டானை உள்ளே ஏற்றினால் பக்கத்திலிருக்கும் பாலும் தயிரும் சூடாகும் என்பது உண்மைதான். அதற்குத் தீர்வு உணவைச் சீக்கிரம் ஆற வைப்பது. குழம்பை அகலமான பாத்திரங்களில் 5 சென்டிமீட்டர் உயரத்துக்கு மேல் போகாமல் பிரித்து ஊற்றுங்கள். பெரிய பாத்திரமானால் குளிர்ந்த தண்ணீர் நிறைந்த அன்னக்கூடையில் இறக்கி வைத்துக் கிளறிவிடுங்கள். சோற்றைத் தாம்பாளத்தில் பரப்பிவிட்டால் இருபது நிமிடத்தில் ஆறிவிடும். வெதுவெதுப்பாக இருக்கும்போதே சிறு டப்பாக்களை உள்ளே வைப்பதில் தவறில்லை.

எந்தத் தட்டில் எது

ஃபிரிட்ஜின் உள்ளே எல்லா இடமும் ஒரே குளிர் அல்ல. கதவுதான் மிகவும் சூடான இடம். ஒவ்வொரு முறை திறக்கும்போதும் வெளிக்காற்று முதலில் அதைத்தான் தொடும். ஊறுகாய், சாஸ், ஜாம், தண்ணீர் பாட்டில் இவற்றுக்குக் கதவு போதும். பால் பாக்கெட்டைக் கதவில் வைப்பது பெரும்பாலான வீடுகளில் உள்ள பழக்கம். அதை உள்தட்டுக்கு மாற்றுங்கள். முட்டைக்கென்று கதவில் குழி இருந்தாலும் முட்டைக்கும் உள்தட்டே நல்லது. முட்டையைக் கழுவி வைக்க வேண்டாம்; ஓட்டின் மேலுள்ள இயற்கையான காப்பு போய்விடும். உடைக்கும் முன் கழுவினால் போதும்.

சமைத்தவை, தயிர், பால், நறுக்கிய பழம் எல்லாம் மேல்தட்டிலும் நடுத்தட்டிலும் இருக்கட்டும். பச்சை மீனும் கறியும் எப்போதும் மற்றவற்றுக்குக் கீழே இருக்க வேண்டும் என்பது பொது விதி. அவற்றின் நீர் சொட்டி, அப்படியே சாப்பிடும் உணவில் விழக் கூடாது. நம் ஊர் ஒற்றைக் கதவு ஃபிரிட்ஜில் இதற்கு ஒரு சிக்கல் உண்டு. அதில் மிகக் குளிர்ந்த இடம் ஃப்ரீஸருக்கு நேர்க் கீழே இருக்கும் சில்லர் ட்ரே. மீனை அங்கே வைத்தால் மற்ற எல்லாமே அதற்குக் கீழே வந்துவிடும். அதனால் மீனையும் கறியையும் இறுக மூடும் டப்பாவில் போட்டு, அந்த டப்பாவையும் ஓர் ஆழமான கிண்ணத்தில் வைத்த பிறகே சில்லர் ட்ரேயில் வையுங்கள். கடையில் கட்டித் தந்த கறுப்புக் கேரி பேக்கோடு வைக்கவே கூடாது.

பாத்திரங்களுக்கு இடையே காற்று போக வழி விடுங்கள். இரட்டைக் கதவு ஃபிரிட்ஜில் பின்சுவரில் உள்ள காற்றுத் துளைகளை அடைத்தபடி பாத்திரம் வைத்தால் பின்னால் இருப்பது உறைந்துபோகும், முன்னால் இருப்பது குளிராது. வீட்டில் இன்சுலின் பயன்படுத்துபவர் இருந்தால் அதற்கென்று மூடிய சிறு டப்பா ஒன்றை நடுத்தட்டில் ஒதுக்குங்கள். அதற்கு 2 முதல் 8 டிகிரி வேண்டும். ஒருமுறை உறைந்துவிட்ட இன்சுலினைப் பயன்படுத்தக் கூடாது. ஃப்ரீஸருக்கு அருகில் அதை வைக்காதீர்கள்.

மாவு, பால், தேங்காய், பூண்டு

இட்லி மாவு நுண்ணுயிர்களின் வேலையால்தான் பொங்கிப் புளிக்கிறது. குளிரில் அந்த வேலை மெதுவாகும், நிற்காது. அதனால் பாத்திரத்தில் முக்கால்வாசிக்கு மேல் நிரப்பாதீர்கள். மொத்த மாவையும் தினமும் வெளியே எடுத்து, ஊற்றிவிட்டு, திரும்ப உள்ளே வைப்பதுதான் மாவு சீக்கிரம் புளித்துப்போகக் காரணம். அரைத்த மாவு பொங்கியதும் இரண்டு மூன்று பாத்திரங்களில் பிரித்து வையுங்கள். ஒன்று தீர்ந்த பிறகு அடுத்ததைத் திறக்கலாம். உலர்ந்த கரண்டியால் மட்டும் எடுங்கள். நான்கைந்து நாள் வரை மாவு தாங்கும். கடைசி நாள் மாவு தோசைக்கும் ஊத்தப்பத்துக்கும் ஆகும். மேலே கறுப்பாகவோ இளஞ்சிவப்பாகவோ புள்ளி தென்பட்டால் அந்தப் பகுதியை மட்டும் வழித்தெறிந்துவிட்டுப் பயன்படுத்தாதீர்கள். கண்ணுக்குத் தெரியாமல் உள்ளேயும் பரவியிருக்கும். மொத்தத்தையும் கொட்டிவிட வேண்டும்.

பால் பாக்கெட் வீட்டு வாசலில் வந்து விழுந்ததிலிருந்து நேரம் ஓடுகிறது. விடிந்தபின் எழுந்து எடுப்பவர்கள், வாசலில் ஒரு மூடிய பெட்டியில் ஐஸ் பேக் வைத்து அதில் போடச் சொல்லலாம். காய்ச்சிய பாலை அப்படியே மதியம் வரை வெளியே விடாமல், ஆறியதும் உள்ளே வையுங்கள். பழைய பாலோடு புதுப்பாலைக் கலக்காதீர்கள்.

துருவிய தேங்காய் ஃபிரிட்ஜில் ஓரிரு நாள்தான் தாங்கும். அதற்குமேல் வேண்டுமென்றால் ஜிப் கவரில் மெல்லிய பலகை போலப் பரப்பி ஃப்ரீஸரில் வையுங்கள். தேவையான அளவை உடைத்து எடுக்கலாம். இஞ்சி பூண்டு விழுதையும் ஐஸ் ட்ரேயில் ஊற்றி உறையவிட்டுக் கட்டிகளாகச் சேமிக்கலாம். ஒரு எச்சரிக்கை: பச்சைப் பூண்டை எண்ணெயில் மூழ்க வைத்து வெளியே வைக்காதீர்கள். காற்றில்லாத அந்தச் சூழலில் பாட்டுலிசம் என்னும் கொடிய நோயைத் தரும் நஞ்சை உண்டாக்கும் கிருமி வளரலாம். ஃபிரிட்ஜில் வைத்தாலும் நான்கு நாளுக்குள் தீர்த்துவிடுங்கள்.

காய், கீரை, பழம்

காய்கறிக்கு இரண்டு எதிரிகள். ஒன்று, மேலே ஒட்டியிருக்கும் தண்ணீர்; அது அழுகலைக் கொண்டுவரும். மற்றொன்று வறண்ட காற்று, அது வாட்டிவிடும். கொத்தமல்லி, புதினாவைக் கழுவாமல், அழுகிய இலைகளையும் வேரையும் நீக்கி, பழைய வேட்டித் துணியில் சுற்றி டப்பாவில் வையுங்கள். கறிவேப்பிலையை உருவி, கழுவினால் நிழலில் ஈரம் போக உலர்த்தி, அடியில் தாள் விரித்த டப்பாவில் போடுங்கள். பச்சை மிளகாயின் காம்பைக் கிள்ளிவிட்டால் அழுகல் காம்பில் தொடங்காது. முருங்கைக்கீரையும் அரைக்கீரையும் வாங்கிய அன்றோ மறுநாளோ சமைப்பதே சரி.

வாழைப்பழத்தை உள்ளே வைத்தால் தோல் கறுத்துவிடும். அது வெப்பமண்டலப் பழம், சுமார் 13 டிகிரிக்குக் கீழே தாங்காது. மாம்பழத்தை வெளியே பழுக்கவிட்டு, பழுத்த பிறகு மட்டும் உள்ளே வையுங்கள். தக்காளி காயாக இருந்தால் வெளியில். நன்றாகப் பழுத்துவிட்டால் உள்ளே. உருளைக்கிழங்கைக் குளிரில் வைத்தால் அதன் மாவுச்சத்து சர்க்கரையாக மாறி, பொரிக்கும்போது சீக்கிரம் கருகும். வெங்காயத்தையும் உருளையையும் காற்றோட்டமான இருட்டு மூலையில், தனித்தனிக் கூடைகளில் வையுங்கள். பழுத்த வாழை, மா, ஆப்பிள் இவை எத்திலீன் என்னும் வாயுவை வெளிவிடும். பக்கத்தில் கீரையும் வெள்ளரியும் இருந்தால் அவை மஞ்சளாகிவிடும்.

மீனும் கறியும்

மத்தி, கானாங்கெளுத்தி, சூரை போன்ற மீன்கள் குளிர் இல்லாமல் கிடந்தால் அவற்றின் சதையில் ஹிஸ்டமின் உருவாகும். சாப்பிட்ட சிறிது நேரத்தில் முகம் சிவந்து, தலை வலித்து, உடம்பு தடிக்கும். பொரித்தாலும் குழம்பில் கொதித்தாலும் ஹிஸ்டமின் அழியாது. அதனால் சந்தைக்குப் போகிற நாளில் மீனைக் கடைசியாக வாங்குங்கள். ஐஸோடு கட்டச் சொல்லி நேரே வீட்டுக்கு வாருங்கள். செதில், செவுள், குடல் நீக்கி, கழுவி, நீரை வடித்து டப்பாவில் வைத்தால் அன்றோ மறுநாளோ சமைத்துவிட வேண்டும். மஞ்சளும் உப்பும் தடவினால் கவிச்சி குறையும்; அதனால் கூடுதல் நாள் கிடைக்காது. பச்சைக் கோழிக்கும் கொத்துக்கறிக்கும் இதே ஒன்றிரண்டு நாள்தான்.

ஃப்ரீஸரில் வைப்பதும் எடுப்பதும்

ஃப்ரீஸரில் நன்றாக வர வேண்டுமானால் உணவு சீக்கிரம் உறைய வேண்டும். ஒரு கிலோ கறியை ஒரே உருண்டையாக வைக்காமல், ஒருவேளைக்கு ஆகும் பங்குகளாகப் பிரித்து, தட்டையாக்கி, கவரிலிருந்து காற்றை வெளியேற்றி மூடுங்கள். காற்று இருந்தால் கறியின் மேல் வெளிறிய வறண்ட திட்டுகள் தோன்றும். அவற்றால் கெடுதல் இல்லை, சுவைதான் போகும். தண்ணீர் உறையும்போது ஏறக்குறைய 9 சதவீதம் விரியும் என்பதால் சூப்பையும் குழம்பையும் டப்பாவின் விளிம்புவரை ஊற்றக் கூடாது. கண்ணாடி பாட்டிலானால் வெடித்துவிடும். ஒவ்வொரு கவரிலும் பெயரும் தேதியும் எழுதி ஒட்டுங்கள்.

பட்டாணி, பீன்ஸ் போன்றவற்றைக் கொதிக்கும் தண்ணீரில் இரண்டு நிமிடம் போட்டெடுத்து, உடனே ஐஸ் தண்ணீரில் முக்கி, ஈரம் துடைத்து வைத்தால் நிறமும் சுவையும் நிலைக்கும். தயிரை உறையவைத்தால் திரிந்துவிடும். சாம்பாரில் உள்ள உருளைக்கிழங்கு பஞ்சுபோல் ஆகிவிடும். அதை எடுத்துவிட்டு மற்றதை உறையவிடுங்கள். ரவையிலும் சிறுதானியத்திலும் வண்டு வருகிற வீடுகளில், வாங்கியதும் மைனஸ் 18 டிகிரியில் நான்கு நாள் வைத்து எடுத்தால் வண்டும் முட்டையும் சாகும்.

உறைந்த கறியைச் சமையல் மேடையில் காலையிலிருந்து கிடத்தி இளகவிடுவது ஆபத்து. நடுப்பகுதி கல்லாக இருக்கும்போதே மேற்பகுதி கிருமிகளுக்குத் தோதான சூட்டுக்கு வந்துவிடும். முந்தைய இரவே ஃப்ரீஸரிலிருந்து கீழ்த்தட்டுக்கு இறக்கி வைப்பதுதான் சரியான வழி. அவசரமானால், நீர் புகாத கவரோடு குளிர்ந்த தண்ணீரில் போட்டு, அரை மணிக்கு ஒருமுறை தண்ணீரை மாற்றி, இளகியதும் உடனே சமைத்துவிடுங்கள். வெளியே இளகியதைத் திரும்ப உறையவிடக் கூடாது.

கரண்ட் போனால்

மாதாந்திரப் பராமரிப்புக்காகப் பகல் முழுவதும் மின்சாரம் நிற்கும் நாளை முன்பே அறிவிப்பார்கள். முந்தைய இரவே தண்ணீர் பாட்டில்களை ஃப்ரீஸரில் உறையவைத்து, காலையில் சிலவற்றைப் பாலுக்கும் தயிருக்கும் பக்கத்தில் வைத்துவிடுங்கள். கதவைத் திறக்காமல் இருந்தால் ஃபிரிட்ஜ் ஏறத்தாழ 4 மணி நேரம் குளிரைக் காக்கும். மைனஸ் 18 டிகிரியில் இருக்கும் நிறைந்த தனி ஃப்ரீஸர் 48 மணி நேரமும், பாதி நிறைந்தது 24 மணி நேரமும் தாங்கும். ஒற்றைக் கதவு ஃபிரிட்ஜில் உள்ள சிறு ஃப்ரீஸர் பெட்டியிடம் அவ்வளவு எதிர்பார்க்கக் கூடாது.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது சென்னையின் பல பகுதிகளில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. அப்படிப்பட்ட நாள்களில் வீட்டைப் பூட்டிவிட்டு வெளியூர் போனவர்களுக்கு, இடையில் கரண்ட் போய் வந்ததே தெரியாமல் போகலாம். அதற்கு ஓர் எளிய ஏற்பாடு உண்டு. ஒரு கிண்ணத்தில் தண்ணீரை உறையவிட்டு, பனியின் மேல் ஒரு ரூபாய் நாணயத்தை வைத்து, ஃப்ரீஸரிலேயே விட்டுவிடுங்கள். திரும்பி வந்து பார்க்கையில் நாணயம் மேலேயே இருந்தால் உணவு உறைந்தபடியே இருந்திருக்கிறது. அடிக்கு இறங்கியிருந்தால் எல்லாம் ஒருமுறை இளகி மறுபடி உறைந்திருக்கிறது. மீனையும் கறியையும் கொட்டிவிடுங்கள்.

எத்தனை நாள் தாங்கும்

கீழே உள்ள கணக்கு, 5 டிகிரிக்குக் கீழே உள்ள ஃபிரிட்ஜில், நேரத்தோடு உள்ளே போன உணவுக்கு மட்டும்.

வடித்த சோறு: 1 நாள்
தேங்காய்ச் சட்னி, தேங்காய் சேர்த்த கூட்டு, பொரியல்: 1 நாள்
பருப்பு, சாம்பார், ரசம்: 2 முதல் 3 நாள்
கோழி, ஆட்டுக்கறி, மீன் குழம்பு: 3 நாள்
ஓட்டோடு வேகவைத்த முட்டை: 1 வாரம்
பச்சை மீன், கோழி, கொத்துக்கறி: 1 நாள், மிஞ்சினால் 2
ஆட்டுக்கறித் துண்டுகள்: 3 நாள்
மைனஸ் 18 டிகிரியில் மத்தி, கானாங்கெளுத்தி, கறிக்குழம்பு, தேங்காய்த் துருவல்: 2 முதல் 3 மாதம்

குழம்பைச் சுட வைக்கும்போது அந்த வேளைக்கு வேண்டியதை மட்டும் எடுத்து, தளதளவென்று கொதிக்க விடுங்கள். முழுப் பாத்திரத்தையும் சூடாக்கி, ஆறவிட்டு, திரும்ப உள்ளே வைக்கும் ஒவ்வொரு முறையும் அது 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் இடைப்பட்ட ஆபத்தான வெப்பநிலையை இரண்டு தடவை கடந்து போகிறது.

வாரம் ஒரு நாள்

வாரச் சந்தைக்கோ மளிகைக்கோ போகும் முன் ஃபிரிட்ஜை ஒருமுறை காலி செய்து பார்ப்பதை வழக்கமாக்குங்கள். தேதி கடந்ததைக் கொட்டுங்கள், சீக்கிரம் தீர்க்க வேண்டியதை முன்வரிசைக்குக் கொண்டுவாருங்கள், தட்டுகளை வெந்நீரும் சிறிது சோப்பும் கொண்டு துடைத்து உலர்த்துங்கள். என்ன இருக்கிறது என்று தெரிந்தபின் வாங்கினால் இரண்டாவது கட்டுக் கொத்தமல்லி வீட்டுக்கு வராது.

ஒரு டப்பாவைத் திறந்து, இது எந்த நாளுடையது என்று யாருக்கும் நினைவில்லை என்றால் அதைச் சாப்பிடாதீர்கள். கர்ப்பிணிகள், கைக்குழந்தைகள், முதியவர்கள், புற்றுநோய்க்கு மருந்து எடுப்பவர்கள் இருக்கும் வீட்டில் இதற்கு விதிவிலக்கே வேண்டாம். ஃபிரிட்ஜின் குளிரிலும் வளரக்கூடிய லிஸ்டீரியா போன்ற கிருமிகள் இவர்களைத்தான் கடுமையாகத் தாக்கும். உணவை வீணாக்கக் கூடாது என்ற நல்ல எண்ணம் நம் வீடுகளில் உண்டு. அந்த எண்ணத்தை டப்பாவைத் திறக்கும் வேளையில் காட்டினால் தாமதம். சமைத்த ஒரு மணி நேரத்துக்குள், பிரித்து, தேதி எழுதி, சரியான தட்டில் வைக்கும்போது காட்டுங்கள். அப்போது கொட்ட வேண்டிய உணவே மிகக் குறைவாக இருக்கும்.